டெவ்கிட்டில் ஓடுகிற மோட்டார் கன்ட்ரோலரை விற்கும் பொருளாக்குவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒரு இஎஸ்பி32 டெவ்கிட் (வைஃபை உள்ள இஎஸ்பி32 சிப்பைச் சோதித்துப் பார்க்க விற்கும் ரெடிமேட் போர்டு), நீல நிற ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாட்யூல், செல்போன் சார்ஜர் இவற்றை வைத்து, தோட்டத்துக் கிணற்று மோட்டாரைக் கைபேசியிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு கருவி செய்திருக்கிறார். சில மாதங்களாக ஒழுங்காக ஓடுகிறது, ஆப்பில் மோட்டார் நிலை மட்டும் சிலசமயம் தவறாகக் காட்டுகிறதாம். அக்கம்பக்கத் தோட்டக்காரர்கள் முப்பது நாற்பது பேர் எங்களுக்கும் ஒன்று செய்து கொடு என்கிறார்கள். டெவ்கிட்டின் சர்க்யூட் படம் இணையத்தில் கிடைக்கிறதே, அதை அப்படியே எடுத்து ரிலேயையும் சேர்த்து ஒரே பிசிபியாக, அதாவது ஒரே சர்க்யூட் பலகையாகப் போட்டால் விற்கலாமா, எவ்வளவு செலவாகும், என்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கேள்வி பிசிபி வரைவதைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அவருக்கு உண்மையில் தேவைப்படும் பதில் இதற்கு: டெவ்கிட்டில் இருப்பவற்றில் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைக் கழற்றிவிட வேண்டும், அதில் இல்லாத எதையெல்லாம் நாமே சேர்க்க வேண்டும்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் பிசிபி வரைவது சில வார வேலை.

நான் கோவைப் பக்கம் மோட்டார் பேனலுக்குள் உட்காரும் கன்ட்ரோல் போர்டுகளை வடிவமைக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அதனால் சர்க்யூட், பிசிபி, அசெம்பிளி பற்றி இங்கே சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். சான்றிதழ், சட்டம் பற்றிச் சொல்வது எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டும் அளவுக்குத்தான். அந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன, பணம் கட்டுவதற்கு முன் அந்தத் துறையில் இருப்பவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், வழிகள் மூன்று. டெவ்கிட்டையே ஒரு தாய் போர்டில் சாக்கெட் வைத்துச் செருகி விற்பது ஒன்று. டெவ்கிட்டில் வெள்ளித் தகடு போட்டு மூடியபடி இருக்கிறதே அந்த வ்ரூம் மாட்யூல், அதை மட்டும் வாங்கி நம் சொந்த பிசிபியில் சோல்டர் செய்வது இரண்டாவது. மாட்யூலும் வேண்டாம், வெறும் சிப், ஃபிளாஷ் (புரோகிராம் நிற்கும் நினைவகம்), கிரிஸ்டல், ஆன்டெனா எல்லாவற்றையும் நாமே வரைவது மூன்றாவது. மூன்றாவதை இப்போது மறந்துவிடுங்கள். ஆன்டெனா மேட்சிங்கை அளந்து சரிசெய்ய வெக்டர் நெட்வொர்க் அனலைசர் வேண்டும், வானொலிச் சோதனை முழுவதையும் உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும், மிச்சமாகும் காசோ பல ஆயிரம் எண்ணிக்கைக்குப் போனால்தான் கண்ணில் படும். முதல் வழியையும் நான் மட்டமாகப் பேசமாட்டேன். பத்து இருபது எண்ணிக்கை வரைக்கும், அதுவும் வாங்குகிறவர் உங்கள் பக்கத்துத் தோட்டம் என்றால், அது நியாயமான வழி. ஆனால் நாற்பதுக்கு மேல் போனால் ஒரு பிரச்சினை வந்தே தீரும். சந்தையில் டெவ்கிட் என்ற பெயரில் கிடைப்பவை ஒரே பொருள் கிடையாது. ஒன்றில் 30 பின், இன்னொன்றில் 38 பின். ஒன்றில் சிபி2102 யுஎஸ்பி சிப், இன்னொன்றில் சிஎச்340. இரண்டு பின் வரிசைகளுக்கும் நடுவில் உள்ள அகலம்கூட ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் தாய் போர்டு நூறு அடித்து வைத்த பிறகு கடைக்காரர் அனுப்பும் அடுத்த லாட் சாக்கெட்டில் உட்காராது. தவிர, சிப் நிறுவனங்கள் பல தங்கள் மதிப்பீட்டு போர்டுகளைப் பொறியாளர்கள் சோதித்துப் பார்க்க மட்டும், விற்கும் பொருளில் வைக்க அல்ல என்று விற்பனை விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. எந்த போர்டானாலும் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். ஆக உங்களுக்கு ஏற்றது இரண்டாவது வழி.

இப்போது அந்த டெவ்கிட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். யுஎஸ்பி சாக்கெட், அதன் பின்னால் யுஎஸ்பியை சீரியலாக மாற்றும் சிப், தானாக ரீசெட் செய்து புரோகிராம் ஏற்ற உதவும் இரண்டு குட்டி டிரான்சிஸ்டர், 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ஏஎம்எஸ்1117, இஎன் (ரீசெட் செய்ய), பூட் (புரோகிராம் ஏற்ற) என்று இரண்டு பட்டன், ஒரு எல்இடி, இரு பக்கமும் பின்கள். இதில் யுஎஸ்பி சார்ந்த மொத்தமும் உங்கள் மேசைக்காக இருப்பது, தோட்டக்காரருக்காக இருப்பது இல்லை. எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக டிஎக்ஸ், ஆர்எக்ஸ் (சீரியலில் அனுப்பவும் வாங்கவும்), இஎன், ஜிபிஐஓ 0 (சிப்பின் பொது உள்ளீடு-வெளியீட்டுப் பின்களில் ஒன்று), 3.3 வோல்ட், கிரவுண்ட் என ஆறு டெஸ்ட் பேட் பிசிபியின் ஓரத்தில் வரிசையாக விடுங்கள். போகோ பின் (ஸ்பிரிங் வைத்த பின்) வைத்த ஒரு ஜிக் (போர்டைப் பிடித்துச் சோதிக்கும் சட்டம்) செய்துகொண்டால் போர்டை அதன் மேல் அழுத்திப் புரோகிராம் ஏற்றிவிடலாம். அதே ஜிக்கில் ரிலேயைத் தட்டிப் பார்ப்பது, கரண்ட் சென்சாரைப் படிப்பது, மாட்யூலின் தனி அடையாள எண்ணான மேக் முகவரியைச் சீரியல் எண்ணோடு சேர்த்து ஒரு ஃபைலில் எழுதுவது எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். இந்த ஜிக் இல்லாமல் நூறு போர்டுக்கு ஒவ்வொன்றாக ஒயர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எது சோதித்தது, எது சோதிக்காதது என்றே தெரியாமல் போகும்.

இஎன் பின்னில் இருக்கும் 10 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட் ஜோடியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பவர் நிலைக்கு வந்த பிறகுதான் சிப் எழ வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர் எஸ்பிரெசிஃப் தன் வடிவமைப்பு வழிகாட்டியில் சொல்லியிருக்கும் அளவு அது. யுஎஸ்பியில் பவர் பட்டென்று வரும், அங்கே அது போதும். தோட்டத்து லைனிலோ வோல்டேஜ் இறங்கி, பாதியில் நின்று, மறுபடி ஏறும். அப்படி அரைகுறையாக இறங்கி ஏறும்போது கெப்பாசிட்டர் முழுதாக வடிந்திருக்காது, சிப் சரியாக ரீசெட் ஆகாமல் தொங்கி நிற்கும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ரீசெட் சூப்பர்வைசர் சிப்பை அந்த இடத்தில் சேர்த்தால் இந்தத் தலைவலி போய்விடும்.

பின்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஜிபிஐஓ 6 முதல் 11 வரை உள்ளே ஃபிளாஷுக்குப் போகின்றன, தொடக்கூடாது. 34 முதல் 39 வரை உள்ளீட்டுக்கு மட்டும், உள்ளே புல்-அப் (பின்னை மேல்மட்டத்தில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. 0, 2, 5, 12, 15 ஐந்தும் சிப் எழும் நொடியில் எப்படி எழ வேண்டும் என்று முடிவு செய்யும் பின்கள். இதில் 12 மிகவும் ஆபத்தானது: எழும்போது அதில் மேல்மட்ட சிக்னல் இருந்தால் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் கொடுக்க வேண்டும் என்று சிப் எடுத்துக்கொள்ளும், வ்ரூமில் இருப்பது 3.3 வோல்ட் ஃபிளாஷ், போர்டு எழவே எழாது. மேசையில் ஒழுங்காக ஓடி, தோட்டத்தில் அந்தப் பின்னில் ஒரு சென்சாரை மாட்டியதும் செத்துப்போகும் போர்டுகளுக்கு இது ஒரு வழக்கமான காரணம். ரிலேக்கு 25, 26, 27, 32, 33 போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு ரிலேயை ஓட்டும் டிரான்சிஸ்டரின் பேஸ் (base) காலுக்கு ஒரு புல்-டவுன் ரெசிஸ்டரும் (அதைக் கீழ்மட்டத்தில் பிடித்து வைப்பது) கட்டாயம் வையுங்கள். சில பின்கள் சிப் எழும்போது ஒரு கணம் துடிக்கும். எல்இடி என்றால் ஒரு மினுக்கு, அவ்வளவுதான், ஆனால் உங்கள் பின்னுக்கு அந்தப் பக்கம் 7.5 குதிரைத்திறன் மோட்டார் இருக்கிறது. கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருக்கலாம். இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: கரண்ட் போய் வந்ததும் மோட்டார் தானாக ஓடலாமா என்பதை உங்கள் புரோகிராம் கோடு தீர்மானிக்கக்கூடாது, தோட்டக்காரர் கையால் தேர்ந்தெடுக்கும் ஒரு சுவிட்ச் தீர்மானிக்கட்டும், பெட்டியின் மேல் அது எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியட்டும்.

அடுத்தது பவர். இதில்தான் டெவ்கிட் உங்களிடமிருந்து நிறைய மறைக்கிறது. நீங்கள் செல்போன் சார்ஜரை மாட்டினீர்கள், இன்சுலேஷன், ஃபியூஸ், இரைச்சல் வடிகட்டி எல்லாம் அந்த சார்ஜருக்குள் இருந்தன. சொந்த போர்டில் இதெல்லாம் உங்கள் பொறுப்பு. எஸ்எம்பிஎஸ் சர்க்யூட்டை (சார்ஜருக்குள் இருக்கும் ரகப் பவர் சர்க்யூட்) நீங்களே வரையாதீர்கள். எபாக்ஸியில் மூடிய ஏசி-டிசி மாட்யூல் வாங்குங்கள், முன்னால் ஃபியூஸ், எம்ஓவி (திடீரென எகிறும் வோல்டேஜை உறிஞ்சும் பாகம்) இரண்டையும் போடுங்கள். மீன்வெல் நிறுவனத்தின் ஐஆர்எம்-03 போன்றவை 85 முதல் 305 வோல்ட் வரை வாங்கும். 230 வோல்ட் லைனுக்கு இது தாராளம். ஆனால் தோட்டத்தில் நியூட்ரல் அறுந்துவிட்டால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230-க்குப் பதில் 400 வோல்ட்டை ஒட்டி வரலாம், பல மோட்டார் ரூம்களில் நியூட்ரல் ஒயரே இருக்காது, மூன்று பேஸ் மட்டும்தான். அப்படியானால் இரண்டு பேஸுக்கு நடுவில் 415 வோல்ட்டில் ஓடும் பவர் வேண்டும். நம் ஊர் ஆட்டோ ஸ்டார்ட்டர்களைத் திறந்து பார்த்தால் உள்ளே கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கும். பழைய காலத்துச் சாமான் என்று தோன்றும். 415 வோல்ட்டையும் மின்னல் சர்ஜையும் தாங்கி வருடக்கணக்கில் நிற்பதால்தான் அதை இன்னும் வைத்திருக்கிறார்கள். எடை, விலை இரண்டும் கூடும் என்றாலும் முதல் லாட்டுக்கு நான் அதையே வைப்பேன்.

5 வோல்ட்டிலிருந்து 3.3-க்கு ஏஎம்எஸ்1117 வேலை செய்யும், ஆனால் சூடாகும். வைஃபை சிக்னல் அனுப்பும்போது இஎஸ்பி32 கால் ஆம்பியரை ஒட்டி இழுக்கும். தயாரிப்பாளர் 500 மில்லிஆம்பியராவது தரக்கூடிய பவர் வேண்டும் என்கிறார். 1.7 வோல்ட் வித்தியாசம், கால் ஆம்பியர், ஆக நானூறு மில்லிவாட்டுக்கு மேல் அந்தச் சின்னத் துண்டில் வெப்பமாகப் போகிறது. மேசையில் இது பொருட்டில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, இன்னொரு தகரப் பெட்டிக்குள், ஓடுகிற கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய மின்காந்த சுவிட்ச்) காயிலுக்குப் பக்கத்தில் அது பொருட்டுதான். ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர் (அதிகம் சூடாகாமல் வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) போட்டுவிடுங்கள், எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை 105 டிகிரி ரகமாக வாங்குங்கள். வ்ரூம் மாட்யூலிலேயே 85 டிகிரி, 105 டிகிரி என்று இரண்டு ரகம் உண்டு.

இப்போது அந்த நீல ரிலே. அதன் தலையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: 10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி. உங்கள் த்ரீ பேஸ் ஸ்டார்ட்டரின் காயில் பெரும்பாலும் 415 வோல்ட் காயில், இரண்டு பேஸுக்கு நடுவில் மாட்டியிருப்பார்கள். ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக உங்கள் ரிலேயை மாட்டினால் அதன் முனைகளுக்கு நடுவில் நிற்பது 415 வோல்ட். சில மாதங்களாக ஓடுகிறதே என்றால், ஓடும். ஆனால் தாங்கும் அளவைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மோட்டாரை நிறுத்த முடியாது, தண்ணீர் வற்றியும் ஓடும், மோட்டாரின் காயில் கருகும். டேட்டாஷீட்டில் அதிகபட்ச சுவிட்ச்சிங் வோல்டேஜ் 400-க்கு மேல் என்று தெளிவாக எழுதியிருக்கிற ரிலே வாங்குங்கள், இல்லையென்றால் உங்கள் சின்ன ரிலே 230 வோல்ட்டில் ஒரு இடைக் கான்டாக்டரை ஓட்டட்டும், அது ஸ்டார்ட்டரை ஓட்டட்டும். பிசிபியில் 415 வோல்ட் போகும் தடத்துக்கும் 3.3 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுவது என் வழக்கம், ரிலேக்கு அடியில் பிசிபியை ஒரு கோடாக வெட்டியும் விடுவேன். தூசியும் ஈரமும் சேர்ந்து படிந்தால் மின்சாரம் மேற்பரப்பிலேயே வழி போட்டுக்கொள்ளும். எறும்பும் பல்லியும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் என்ன செய்யும் என்பது தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போர்டின் மேல் கான்ஃபார்மல் கோட்டிங் (பாதுகாப்புப் பூச்சு) அடித்து, ஒயர் நுழையும் துளைகளில் கேபிள் கிளாண்ட் போடுங்கள்.

ஸ்டார்ட்டரையே நீங்கள் செய்யப் போகவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கான்டாக்டர், ஓவர்லோட் ரிலே, சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது) எல்லாம் ஏற்கனவே அந்தப் பெட்டியில் இருக்கின்றன, அவற்றுக்கென்று ஐஎஸ்/ஐஇசி 60947 என்ற தரநிலையே இருக்கிறது, நல்ல நிறுவனங்கள் செய்து விற்கின்றன. உங்கள் கருவி செய்ய வேண்டியது ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக ஒரு திறந்த கான்டாக்ட், ஸ்டாப் பட்டனுக்குத் தொடராக ஒரு மூடிய கான்டாக்ட், அவ்வளவுதான். இப்படி வைத்தால் உங்கள் போர்டு முழுதாகச் செத்துப்போனாலும் பச்சை, சிவப்பு பட்டன் இரண்டும் பழையபடி வேலை செய்யும். வாங்குகிறவரிடம் முதலில் காட்ட வேண்டியதும் இதைத்தான்: உங்கள் பெட்டியின் பவரைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரைக் கையால் போட்டு நிறுத்திக் காட்டுங்கள்.

கான்டாக்டர் விடும்போது அதன் காயில் ஒரு பெரிய வோல்டேஜ் உதையைக் கொடுக்கும். டெவ்கிட் அதில் ரீசெட் ஆகியிருக்கும், நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை, ஒரு வினாடியில் மறுபடி எழுந்து வைஃபையில் சேர்ந்துகொண்டிருக்கும். ஆப்பில் மோட்டார் நிலை சிலசமயம் தவறாகக் காட்டுகிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். பார்க்காமல் உறுதியாகச் சொல்லமுடியாது. எழும்போதெல்லாம் ரீசெட்டுக்கான காரணத்தைப் பதிவு செய்யும் ஒரு வரியை உங்கள் கோடில் சேர்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும். பிரவுன்-அவுட் (வோல்டேஜ் இறக்கம்) என்று வந்தால் பவர் பகுதியைப் பாருங்கள், வாட்ச்டாக் (புரோகிராம் தொங்கினால் ரீசெட் செய்யும் காவல்) என்று வந்தால் கோடைப் பாருங்கள். காயிலுக்குக் குறுக்கே அந்த வோல்டேஜுக்கு ஏற்ற ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அந்த உதையை அடக்குவது) போடுவது, சென்சார் ஒயரையும் மோட்டார் ஒயரையும் ஒரே குழாயில் இழுக்காமல் இருப்பது, சென்சார் உள்ளே வரும் ஒவ்வொரு பின்னிலும் ஒரு தொடர் ரெசிஸ்டரும் டிவிஎஸ் டயோடும் (திடீர் வோல்டேஜைத் தடுப்பது) வைப்பது, இந்த மூன்றும் பெரும்பகுதிப் பிரச்சினையைத் தீர்க்கும். இதை முறையாகச் சோதிக்க ஐஇசி 61000-4-4 (வேகத் துடிப்பு), 61000-4-5 (சர்ஜ்) என்று சோதனைகள் உண்டு, சென்னையில் உள்ள மத்திய அரசின் சமீர் ஆய்வு மையத்தில் இம்மாதிரிச் சோதனைகள் செய்கிறார்கள். கட்டாயமோ இல்லையோ, ஒரு நாள் வாடகை கொடுத்து ஒரு போர்டை அங்கே கொண்டுபோய் அடிவாங்க வைப்பது, நாற்பது தோட்டத்துக்கு அலைவதைவிட மலிவு.

உலர் ஓட்டத்தை (தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதை) கண்டுபிடிக்க சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து கரண்ட் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இஎஸ்பி32-இன் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) நேர்கோட்டில் இருக்காது. பெரிய வீச்சில் வைத்தாலும் சுமார் 150 முதல் 2450 மில்லிவோல்ட் வரைதான் நம்பலாம், ஏடிசி2 பின்கள் வைஃபை ஓடும்போது படிக்கவே விடாது. ஏடிசி1-ஐ மட்டும் பயன்படுத்துங்கள், ஒவ்வொரு போர்டையும் ஜிக்கிலேயே தெரிந்த ஒரு கரண்ட் கொடுத்து அளவு திருத்தி அந்த எண்ணை உள்ளே எழுதிவிடுங்கள்.

தகரப் பெட்டிக்குள் வைஃபை மாட்யூலை வைத்தால் சிக்னல் வெளியே வராது. உங்கள் சோதனைக் கருவி வெளியே தொங்கிக்கொண்டு இருப்பதால் இது இன்னும் தெரிந்திருக்காது. ஒன்று, தனி பிளாஸ்டிக் பெட்டியாக ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், அப்போதும் மாட்யூலின் ஆன்டெனா முனை பிசிபியின் ஓரத்தில், அடியில் செம்பு இல்லாமல், முடிந்தால் பிசிபிக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும், சுற்றி 15 மில்லிமீட்டர் காலியாக விடுங்கள். இல்லையென்றால் வெளி ஆன்டெனா மாட்டும் யூ ரக மாட்யூல் வாங்குங்கள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று: உங்கள் வீடு தோட்டத்திலேயே இருப்பதால் வைஃபை இருக்கிறது, அந்த நாற்பது பேரில் எத்தனை பேருடைய மோட்டார் ரூமில் வைஃபை எட்டும்? போர்டு வரைவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பாதிப்பேருக்கு எட்டாது என்றால் உங்களுக்கு வேண்டியது சிம் போடும் 4ஜி மோடம், அது வேறு பொருள். பவர் பகுதி மாறும், மாதச் சந்தா வரும், தொலைத்தொடர்புக் கருவிக்கான சோதனை விதிகள் வரும். மலிவாக இருக்கிறதே என்று பழைய 2ஜி மோடத்தை வைத்துவிடாதீர்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, சிக்னல் அனுப்பும்போது அது 2 ஆம்பியர் வரை இழுக்கும்.

பொருள் வாங்குவதைப் பற்றி. 2020-க்கும் 2022-க்கும் நடுவில் வந்த சிப் தட்டுப்பாட்டில் எஸ்டிஎம்32 போன்ற சாதாரண சிப்கள்கூட கிடைக்காமல், கிடைத்தாலும் பல மடங்கு விலையில், எத்தனையோ சின்ன நிறுவனங்கள் செய்துவைத்த பிசிபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அதே கால் அமைப்பில் இரண்டாவது ஒன்றை இப்போதே எழுதி வையுங்கள். ரெசிஸ்டர், கெப்பாசிட்டருக்கு இது எளிது. ரெகுலேட்டர், ரிலே, டெர்மினல் ஆகியவற்றுக்குத்தான் தேட வேண்டும். பழைய வ்ரூம்-32, 32டி ரகங்களைப் புதிய வடிவமைப்புக்குத் தயாரிப்பாளரே பரிந்துரைப்பதில்லை, 32ஈ-ஐ எடுங்கள். மாட்யூலை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். பின்னால் சான்றிதழுக்கும் அந்த பில் உதவும்.

செலவுக்கு என் தோராயக் கணக்கைச் சொல்கிறேன், விலை மாறும், உங்கள் வடிவமைப்பைப் பொறுத்தும் மாறும். நூறு எண்ணிக்கையில் மாட்யூல், டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, டெர்மினல், பிசிபி, பெட்டி, அசெம்பிளி கூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் பிடிக்கும். டெவ்கிட் நானூறு ஐந்நூறு, ரிலே நூறு என்று போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் சொந்த போர்டு விலை கூடியிருப்பது போலத் தெரியும், பாதுகாப்புக்காகச் சேர்த்தவைதான் அந்தக் கூடுதல். விற்பனை விலை இதைப்போல இரண்டரை, மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வாரண்டிக்கு மாற்றிக் கொடுப்பது, பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பது, சர்வர் வாடகை, கடைக்காரர் பங்கு எல்லாம் அதற்குள்தான். பெட்டிக்கு அச்சு அடிக்காதீர்கள், அது லட்சங்களில் போகும். கேட்லாகில் கிடைக்கும் ஏபிஎஸ் பெட்டியை முதலில் வாங்கி, அதன் திருகுத் துளைக்கு ஏற்ப பிசிபியை வரையுங்கள்.

சான்றிதழ். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 அறிவிக்கையிலிருந்தே நாட்டில் உரிமம் வேண்டாத அலைவரிசை, குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள். ஆனால் கருவியை விற்க, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் இடிஏ என்ற வகை ஒப்புதல் வேண்டும். சரல் சஞ்சார் தளத்தில் சோதனை அறிக்கையோடு சுய அறிவிப்பாக வாங்கலாம். மாட்யூலுக்கு ஏற்கனவே இடிஏ இருந்தால் உங்கள் பொருளுக்குத் தனியாக வேண்டுமா என்பதில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். விநியோகஸ்தரிடம் மாட்யூலின் இடிஏ நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆலோசகரிடம் காட்டுங்கள். மாட்யூல் சான்று எந்த ஆன்டெனாவோடு சோதிக்கப்பட்டதோ அதற்குத்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பவர் அடாப்டர் ஒன்றைப் பெட்டியோடு சேர்த்து விற்றால் அது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். உங்கள் கருவி மொத்தத்துக்கும் பிஐஎஸ் கட்டாயமா என்பது அதை என்ன வகையாகப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்டார்ட்டர் என்று பெயர் வைத்தால் ஒரு பதில், அதோடு சேரும் துணைக்கருவி என்றால் வேறு பதில் வரலாம். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் எம்ஆர்பி, தயாரிப்பாளர் பெயர் முகவரி, தயாரித்த மாதம் வருடம், புகார் எண் எல்லாம் 2011-இன் பொட்டலப் பொருள் விதிப்படி இருக்க வேண்டும். 2022-இன் மின்கழிவு விதிகளும் தயாரிப்பாளர் மேல் பொறுப்பு வைக்கின்றன, உங்கள் அளவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதே ஆலோசகர் சொல்லிவிடுவார்.

மென்பொருள் பற்றி இரண்டு வார்த்தை. எஸ்பிரெசிஃபின் மென்பொருள் தொகுப்பான இஎஸ்பி-ஐடிஎஃப் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது, விற்கும் பொருளில் வைப்பதில் சிக்கல் இல்லை. ஆர்டுயினோ நூலகங்கள் பல எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகின்றன, அதற்குச் சில கடமைகள் உண்டு, படித்துவிட்டு முடிவெடுங்கள். இலவச ஆப் சேவையை வைத்திருந்தால் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். வைஃபை கடவுச்சொல்லைக் கோடில் எழுதி ஏற்றியிருப்பீர்கள். விற்கும்போது தோட்டக்காரரே தன் கைபேசியிலிருந்து கொடுக்கும்படி மாற்ற வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் ஆப்பிலிருந்து அடுத்தவர் மோட்டாரைப் போட முடியும். ஓடிஏ வசதியை (தொலைவிலிருந்தே புரோகிராமைப் புதுப்பிப்பது) முதல் நாளே சேருங்கள், அப்டேட் பாதியில் நின்றால் பழையதற்கே திரும்பும்படி. இவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தோட்டமாகப் போக வேண்டியிருக்கும்.

வரிசையாக எப்படிப் போவது என்றால், நாற்பது பேரிடமும் இப்போதே முன்பணம் வாங்காதீர்கள். வைஃபை எட்டுமா, நியூட்ரல் இருக்கிறதா, காயில் எத்தனை வோல்ட், ஸ்டார்ட்டர் டிஓஎல்லா (லைனை நேரடியாகக் கொடுப்பது) ஸ்டார்-டெல்டாவா, இந்த நான்கையும் ஒவ்வொரு மோட்டார் ரூமிலும் பார்த்து எழுதுங்கள். அப்புறம் பத்து போர்டு மட்டும் செய்து, ஆளுக்குக் கொஞ்சம் வித்தியாசமான பத்து தோட்டங்களில் வையுங்கள், அதில் ஒன்று டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மிகத் தொலைவில் லைன் முடியும் இடத்தில் இருக்கட்டும். ஒரு கோடை, ஒரு ஐப்பசி மழை இரண்டையும் அவை தாண்டட்டும். திரும்பி வரும் போர்டுகளை வைத்து இரண்டாவது திருத்தம் போடுங்கள், அதைத்தான் விற்க வேண்டும். நூறுக்கு மேல் என்றால் கையால் சோல்டர் செய்யாமல் எஸ்எம்டி லைன் (இயந்திரத்தால் பாகங்களை வைத்து சோல்டர் செய்யும் வசதி) வைத்திருப்பவரிடம் கொடுங்கள், வ்ரூமின் அடியில் இருக்கும் பெரிய கிரவுண்ட் பேடுக்குக் கையால் செய்வது சரியாக வராது.

சர்க்யூட் படம் வரைந்ததும் இங்கேயே போடுங்கள். முழுதாக முடிய வேண்டியதில்லை, பவர் வரும் பக்கமும் ரிலே பக்கமும் இருந்தால் போதும், பிசிபிக்கு அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து காயிலின் மேல் எழுதியிருக்கும் வோல்டேஜ் தெரியும்படி ஒரு படமும் சேருங்கள். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத் திறங்கள்.